பங்காளி என்னும் சொல்லும் மகளின் பங்கும்: கொங்கு நாட்டில் பெண்களின் சொத்துரிமை

முன்னுரை

தமிழில் 'ஆளி' என்னும் ஈறு கொண்ட பெயர்கள் பெரும்பாலும் இருபாற்கும் பொதுவானவை. உழைப்பாளி, தொழிலாளி, நோயாளி, அறிவாளி ஆகிய சொற்கள் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே குறிக்கின்றன. 'பங்காளி' என்னும் சொல்லும் இவ்வாய்பாட்டிலேயே அமைந்தது. பங்கை ஆள்பவர் என்பதே அதன் காரணப்பொருள். ஆயினும் வழக்கில் அது தந்தைவழி ஆண் உறவினரை மட்டுமே சுட்டி நிற்கிறது. கொங்கு வட்டாரத்தில் ஒருவருடைய உறவுகளைப் பங்காளிகள் என்றும் மாமன் மச்சான்கள் என்றும் இரு கூறாகப் பகுக்கும் மரபு இன்றும் வலுவாக உள்ளது. அதே வீட்டில் பிறந்த மகள் பங்காளிகளுள் ஒருத்தியாக எண்ணப்படுவதில்லை. திருமணத்தின்பின் அவள் கணவன் மச்சானாகிறான். அவள் பிள்ளைகள் மாமன் உறவு கொண்டாடுகின்றனர். அவளோ 'பொறந்தவ' எனப்படுகிறாள். இலக்கணத்தால் பொதுப்பாலாக இருந்த சொல்லை ஆண்பாலாக்கியது நிலவுடைமை எனக் கொள்வதில் தவறில்லை.

1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் நடுவண் திருத்தச் சட்டமும் இச்சொல்லின் பொருளை விரித்துவிட்டன. இந்துக் கூட்டுக் குடும்பத்தில் மகளும் பிறப்பால் பங்காளி என்பது இன்றைய சட்டநிலை. சட்டம் தந்த இப்பொருள் வழக்கில் எவ்வளவு தூரம் ஏற்கப்பட்டுள்ளது, எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்பதைக் கொங்கு நாட்டை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அதற்கு 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவல் தொடக்கமாக அமைகிறது.

நாகம்மாள் கேட்ட பங்கு

தமிழின் முதல் வட்டார நாவல் எனப் போற்றப்படும் 'நாகம்மாள்' கொங்குப் பேச்சுவழக்கை இலக்கியத்துக்குள் கொணர்ந்தது என்ற அளவிலேயே பெரும்பாலும் பேசப்பட்டு வந்துள்ளது. அதன் கதைக்கரு ஒரு பாகப்பிரிவினைக் கோரிக்கை என்பது அதே அளவு கவனம் பெறவில்லை. கணவனை இழந்த நாகம்மாள் தன் மகள் முத்தாயியுடன், கணவனின் தம்பி சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோரோடு ஒரே குடும்பமாக வாழ்கிறாள். நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தருமாறு அவள் கேட்கிறாள். ஊரில் சிலர் தத்தம் ஆதாயம் கருதி அவளைத் தூண்டிவிடுகின்றனர். கெட்டியப்பனோடு அவளுக்குள்ள நெருக்கம் ஊர்ப்பேச்சாகிறது. இறுதியில் சின்னப்பன் கொலையுண்கிறான்.

திறனாய்வு மரபு நாகம்மாளைப் பெரிதும் அவளது குணத்தைக் கொண்டே அளந்தது. துணிச்சல்காரி, அடங்காதவள், பிறர் கையில் சிக்கியவள் என்ற சொற்களே அவளைப் பற்றி மிகுதியாகப் புழங்கின. அவள் கேட்டது அவளுக்கு உரியதா என்ற வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது. அவ்வினாவுக்கு அன்றைய சட்டம் அளித்த விடை நாவலைப் புதிதாகப் படிக்க வைக்கிறது.

1937க்கு முன்னர், மிதாட்சர முறையில் பிரிவினையாகாத கூட்டுக் குடும்பத்தில் ஒருவன் ஆண் மகவின்றி இறந்தால் அவனது பங்கு எஞ்சிய ஆண் பங்காளிகளைச் சேர்ந்தது. கைம்பெண்ணுக்குச் சீவனாம்சம் மட்டுமே உண்டு. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இதை மாற்றியது. இறந்த கணவனின் பங்கு மனைவிக்குச் சேரும் என்றும், ஆணைப் போலவே அவளும் பிரிவினை கோரலாம் என்றும் அது கூறியது. அவளுக்குக் கிடைத்தது வாழ்நாள் அனுபவத்தோடு முடியும் வரம்புக்குட்பட்ட உரிமையே எனினும், பிரித்துக் கொடு என்று கேட்கும் தகுதியைச் சட்டம் முதன்முறையாக அவளுக்கு வழங்கியிருந்தது.

இங்கேதான் சிக்கல். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி வேளாண் நிலத்தின் மரபுரிமை மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எனவே மத்தியச் சட்டமன்றம் இயற்றிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களிலுள்ள வேளாண் நிலத்தைத் தீண்டாது என 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. அடுத்த ஆண்டு 'நாகம்மாள்' வெளிவந்தது. கீரனூரில் பிறந்த சண்முகசுந்தரம் அத்தீர்ப்பை அறிந்து எழுதினார் எனக் கூற இடமில்லை. அவ்வாறு கூறவும் தேவையில்லை. காட்டையும் தோட்டத்தையும் தவிர வேறு சொத்து இல்லாத உழவர் குடும்பத்தில், நிலத்துக்குப் பொருந்தாத சொத்துரிமை என்ன பயன் தரும்? நகரத்தில் வீடும் வங்கியில் பணமும் வைத்திருந்தவனின் கைம்பெண் பெற்ற உரிமையை நாகம்மாளின் நிலையிலிருந்த பெண் பெறவில்லை. வழக்காடினாலும் அவள் தோற்றிருப்பாள். சட்டத்தின் வாயில் அடைபட்ட நிலையில் ஊர்ப் பெரியவர்களின் சூழ்ச்சியும் அடியாளின் கையும் அவளுக்கு எஞ்சிய வழிகளாயின என்று படிக்கும்போது, நாவலின் கொலை தனியொருத்தியின் குணக்கேட்டின் விளைவாக மட்டும் தோன்றுவதில்லை.

சென்னை மாகாணம் 1947இல்தான் தனிச்சட்டத்தின்வழி இவ்வுரிமையை வேளாண் நிலத்துக்கும் விரித்தது. முசுலிம் பெண்களுக்கும் இதே குறை இருந்தது என்பது ஒப்புநோக்கத் தக்கது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமும் வேளாண் நிலத்தை விலக்கியிருந்தது. சென்னை மாகாணம் 1949இல் அவ்விலக்கை நீக்கியது. சமயம் எதுவாயினும் நிலம் மட்டும் கடைசிவரை பெண்ணிடம் வராமல் காக்கப்பட்டது.

சட்டம் நகர்ந்த வழி

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்ற கோரிக்கையின் தமிழக வரலாற்றில் ஈரோட்டுக்குச் சிறப்பிடம் உண்டு. ஈரோட்டைச் சேர்ந்த பெரியார் ஈ.வெ.ராமசாமி தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடியபோது, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. அத்தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின.

இடையில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன் 14ஆம் பிரிவு பெண்ணின் வரம்புக்குட்பட்ட உரிமையை முழு உரிமையாக்கியது. மகளும் தந்தையின் வாரிசானாள். எனினும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை ஆண்களுக்கே எஞ்சியது. இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம். தாயில்லாத குடும்பம், தந்தை, இரு மகன்கள், ஒரு மகள், பூர்வீக நிலம் 12 ஏக்கர். தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் தந்தைக்கும் மகன்களுக்கும் தலைக்கு 4 ஏக்கர் எனப் பிரித்ததாகக் கொள்ள வேண்டும். தந்தையின் 4 ஏக்கர் மட்டுமே மூன்று மக்களுக்கும் சமமாகப் பகிரப்படும். மகள் பெறுவது ஒன்றே மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். ஒவ்வொரு மகனும் பெறுவது ஐந்தே மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். நான்கில் ஒரு மடங்கைச் சமத்துவம் என அழைக்க இயலாது. அந்த ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மிகுந்த நிலத்திலும் குடியிருக்கும் வீடு அடங்கியிருந்தால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பிரிவினை கேட்க முடியாது என 23ஆம் பிரிவு தடுத்தது.

அரசமைப்பின் 15ஆம் உறுப்பு பால் அடிப்படையிலான பாகுபாட்டை விலக்கியிருக்க, இப்பாகுபாடு எவ்வாறு நிலைத்தது என்ற ஐயம் எழலாம். தனிநபர்ச் சட்டங்கள் அடிப்படை உரிமைகளின் அளவுகோலுக்கு உட்படுபவை அல்ல என்ற நிலைப்பாட்டை 1951இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மேற்கொண்டது. அதன் நிழல் நீண்டகாலம் படிந்திருந்தது. ஆகவே வாரிசுரிமையில் சமத்துவம் பெரிதும் சட்டமன்றத்தின் வழியாகவே வர வேண்டியிருந்தது.

ஆந்திரத்தைத் தொடர்ந்து தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளைப் பிறப்பால் பங்காளியாக்கியது. மேற்காட்டிய கணக்கில் இப்போது நால்வரும் தலைக்கு 3 ஏக்கருக்கு உரியவர்கள். தந்தையின் 3 ஏக்கர் மூவருக்கும் பகிரப்பட, மகளுக்கும் மகன்களுக்கும் 4 ஏக்கர் வீதம் கிடைக்கும். ஆனால் அந்நாளுக்கு முன் திருமணமான மகள்களைச் சட்டம் விலக்கியது. ஒரே வீட்டில் மூத்தவளுக்கு இல்லாத உரிமை இளையவளுக்கு வந்தது. திருமணம் என்பது பிறந்த வீட்டிலிருந்து பெண்ணை அறுத்து எடுக்கும் நிகழ்வு என்ற எண்ணத்தைச் சீர்திருத்தச் சட்டமே தன்னுள் ஏற்றிருந்தது வியப்புக்குரியது.

2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த நடுவண் திருத்தம் திருமண வேறுபாட்டை நீக்கியது. 23ஆம் பிரிவையும் அகற்றியது. 2004 டிசம்பர் 20க்கு முன்னர் நிறைவேறிய பிரிவினைகளையும் விற்பனைகளையும் மட்டும் அது காத்தது. அதன்பின் தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வாதம் பதினைந்து ஆண்டுகள் நீதிமன்றங்களை அலைக்கழித்தது. 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, உரிமை பிறப்பால் வருவதாதலின் தந்தை உயிரோடிருக்கத் தேவையில்லை எனத் தீர்த்தது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துவிட்டோம் என்ற வாதத்தையும், பொது ஆவணங்களின் வலுவான சான்று இருந்தாலன்றி ஏற்கலாகாது என்றது. கைவீச்சில் எல்லை காட்டிப் பிரித்துக்கொண்டு பத்திரம் எழுதாமல் உழுதுவரும் பழக்கம் மிகுந்த ஊர்களுக்கு இப்பகுதியே தீர்ப்பின் முதன்மையான பகுதி.

தமிழ்நாட்டிலிருந்து உச்சநீதிமன்றம் சென்ற அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. 1938இல் ஏலத்தில் வாங்கிய நிலம். வாங்கியவருக்கு ஒரே மகள். அம்மகள் 1967இல் மகப்பேறின்றி மறைந்தார். தந்தை தாமே ஈட்டிய சொத்து அவர் மகளைச் சேருமா, உடன்பிறந்தார் வழி ஆண் பங்காளியைச் சேருமா என்பது வழக்கு. 1956க்கு முந்தைய இந்துச் சட்டத்திலும் தந்தையின் தனிச்சொத்துக்கு மகளே உரியவள் என 2022 சனவரி 20இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. வழக்குத் தொடுக்கப்பட்ட ஆண்டு 1991. கீழமை நீதிமன்றத்திலும் உயர்நீதிமன்றத்திலும் தோற்று, முப்பத்தோராம் ஆண்டில் கிடைத்த வெற்றி அது. உரிமையின் இருப்பும் உரிமையைப் பெறுவதற்கான காலமும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கையெழுத்தின் மதிப்பு

2011இல் கோயம்புத்தூர் மாநகராட்சி விரிவடைந்தபோது குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி முதலிய பகுதிகள் அதனுள் வந்தன. சோளமும் பருத்தியும் விளைந்த காடுகள் மனையிடங்களாயின. மனை வாங்குவோரும் கடன் வழங்கும் வங்கிகளும் வாரிசுச் சான்றிதழையும் வில்லங்கச் சான்றையும் கேட்கின்றனர். வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயர் இருக்கிறது. எனவே அவளது கையெழுத்து தேவைப்படுகிறது.

இதையே சட்டத்தின் முதன்மையான பயனாகக் கருத வேண்டும். அவளைக் கேளாமலே நிலம் கைமாறிய நிலை போய், அவளைப் பத்திர அலுவலகத்துக்கு அழைத்துவந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்துள்ளது. அழைத்துவரப்படும் அவள் பெரும்பாலும் எழுதிக்கொடுப்பது விடுதலைப் பத்திரம். தன் பங்கு முழுவதையும் உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணத்துக்கு விடுதலை என்று பெயர் அமைந்தது மொழியின் முரண்களுள் ஒன்று. யாருடைய முழு மனதோடும், எவ்வித வற்புறுத்தலும் இன்றி எழுதியதாகவே எல்லா ஆவணங்களும் வாய்பாடாகக் கூறும். அரசின் கட்டண விதிகளும் இதை எளிதாக்குகின்றன. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்துச் சொத்து மதிப்பில் 9 விழுக்காடு ஆகும்போது, குடும்பத்தினருக்கிடையிலான விடுதலை ஆவணத்துக்கு 2023 சூலைத் திருத்தத்துக்குப் பின்னரும் உச்சவரம்பு முத்திரைத் தீர்வை 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய் மட்டுமே. சலுகை பாகப்பிரிவினைக்கும் உண்டெனினும், நிலம் கோடிகளில் விலைபோகும் ஊரில் மகளின் பங்கு சில ஆயிரங்களில் கைமாறுவதற்கு அதுவே வழிசெய்கிறது.

அவள் ஏன் கையெழுத்திடுகிறாள்? அறியாமை என்ற விடை போதாது. படித்த, ஊதியம் பெறும் பெண்களும் கையெழுத்திடுகின்றனர். விடையைச் சடங்குகளிடம் தேட வேண்டும். கொங்கு வேளாளர் திருமணத்தில் மணமகனுக்கும் அவன் சகோதரிக்கும் இடையே நிகழும் இணைச்சீர், திருமணத்துக்குப் பின்னரும் அவ்விருவர் உறவு அறாது என்பதை அவைமுன் உறுதிப்படுத்துகிறது. 1960களில் காங்கயம் பகுதியில் கள ஆய்வு செய்த பிரெண்டா பெக், இவ்வுறவுக்குக் கொங்குச் சடங்குகள் தரும் இடத்தைப் பதிவுசெய்துள்ளார். அண்ணன்மார் கதையில் இறந்த அண்ணன்மாரைத் தேடிச் சென்று எழுப்பும் ஆற்றல் தங்கை தங்காளுக்கே உரியது. அவள் வழிபடப்படுகிறாள், நாட்டையோ அண்ணன்மாரே ஆள்கின்றனர். தெய்வத்தன்மை தங்கைக்கும் நிலம் அண்ணனுக்கும் எனப் பகிர்ந்த இப்பழைய பிரிவினையைப் பதிவு அலுவலகம் அறியாது. ஆனால் அங்கு வரிசையில் நிற்பவர் அறிவர்.

சடங்கின் பின்னால் பொருளியலும் உண்டு. பெண்ணின் பூப்பு நீராட்டு, பிள்ளைகளின் காதுகுத்து, அவர்தம் திருமணம் ஆகிய அனைத்திலும் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். கணவனோடு பிணக்கு நேர்ந்தால் பெண் திரும்பிச் செல்வது பிறந்த வீட்டுக்கே. பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தவளுக்கு இவை யாவும் நின்றுபோகும். தாய்மாமன் வாராத மேடையில் மகளை அமர்த்துவதன் இழிவு ஊரறிய நிகழ்வது. நான்கு ஏக்கருக்கும் அவ்வுறவுக்கும் இடையே ஒன்றைத் தேர்க என அவளிடம் கூறப்படுகிறது. அவள் சகோதரனுக்கு அத்தகைய தேர்வு வைக்கப்படுவதில்லை. அவன் நிலத்தையும் உறவையும் சேர்த்தே பெறுகிறான்.

நகையும் சீர்வரிசையும் தந்துவிட்டோம், அதுவே அவள் பங்கு என்ற வாதம் பரவலானது. வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்க, அதையே பாகமாகக் கணக்கிடுவது சட்டத்துக்கு முரண். மேலும் நகை பெரும்பாலும் புகுந்த வீட்டின் கட்டுப்பாட்டுக்குச் சென்றுவிடுகிறது. மதிப்பேறும் நிலத்துக்கு அது ஈடாவதில்லை. நிலம் துண்டாகும், கிணற்றுத் தண்ணீர் முறையைப் பிரிக்க இயலாது என்பது மற்றொரு வாதம். கிணற்றுப் பங்கும் பாசன முறையும் கொங்குப் பகுதியில் மெய்யாகவே சிக்கலானவை. ஆயினும் மூன்று மகன்கள் உள்ள வீட்டில் அதே கிணற்று முறை பிரிக்கப்பட்டே வந்துள்ளது.

எட்டாத இடங்கள்

2005ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. கொங்கு நாட்டின் இன்றைய செல்வத்தில் பெரும்பகுதியோ பூர்வீகமன்று. திருப்பூரின் பின்னலாடை நிறுவனம், நாமக்கல்லின் கோழிப்பண்ணை, திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டி, சோமனூரின் விசைத்தறி ஆகியவை பெரும்பாலும் ஒரு தலைமுறையில் ஈட்டியவை. அவற்றின்மீது மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. தந்தை அவற்றை உயிலாலோ தானசெட்டில்மெண்டாலோ மகனுக்கு அளிக்கலாம். மகனைக் கூட்டாளியாகச் சேர்க்கலாம். பூர்வீகச் சொத்தில் தம் பங்கைக்கூட உயில் எழுத 30ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டம் மகளுக்குத் திறந்துவிட்ட அறையிலிருந்து பொருள்கள் வேறு அறைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இச்சமத்துவம் எப்பொருளையும் தருவதில்லை. பண்ணையங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த அருந்ததியர் குடும்பத்து மகளுக்கும் மகனுக்கும் சமமாகப் பகிர ஒன்றுமில்லை. வாரிசுரிமைச் சீர்திருத்தம் உடைமைக் குடும்பத்துக்குள்ளே நிகழும் சீர்திருத்தம் என்ற வரம்பைப் பெண்ணுரிமை பற்றிய எழுத்துகள் போதிய அளவு சுட்டவில்லை. அரசு வழங்கும் மனைப்பட்டா யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதே அவர்களுக்கு முதன்மையான வினா. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியப்படும் 10 இலட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை அளிக்கப்படுகிறது. சிறு மனை வாங்கும் குடும்பங்களை அது எட்டக்கூடும்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு திருத்தப்படாமலே நிற்கிறது. ஆண் உயிலின்றி இறந்தால் அவன் தாய் முதல் வகுப்பு வாரிசு. பெண் கணவனும் மக்களும் இன்றி, உயிலும் எழுதாமல் இறந்தால், அவள் தன் உழைப்பால் ஈட்டிய சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குச் செல்லும். அவர்கள் எவரும் இல்லாதபோதே அவளைப் பெற்றவர்களுக்கு வரும். பெற்றோரிடமிருந்து மரபுரிமையாக வந்த சொத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. திருமணமான மூன்று மாதத்துக்குள் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்டு, தாய்வீட்டு ஆதரவில் படித்து வேலை பார்த்த பெண்ணொருத்தியின் சேமிப்பு முழுவதும், அவளைத் துரத்திய குடும்பத்துக்கே சேரும் என 2009இல் ஓம்பிரகாஷ் எதிர் இராதாசரண் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்த்தது. இரக்கத்தால் சட்டத்தை மாற்ற இயலாது என்பதே அதன் சாரம். இப்பிரிவைத் திருத்தச் சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் 2008இலேயே பரிந்துரைத்திருந்தது.

நூற்பாலையிலும் பின்னலாடை ஆலையிலும் கோவையின் மென்பொருள் வளாகங்களிலும் ஊதியம் ஈட்டும் பெண்களின் தலைமுறைக்கு 15ஆம் பிரிவு 6ஆம் பிரிவைவிடவும் நெருக்கமானது. பிறந்த வீட்டுச் சொத்தில் பங்காளியாகச் சட்டம் ஏற்றுக்கொண்ட அதே மகளின் கைப்பட்ட உழைப்பு, அவள் மறைவுக்குப்பின் இன்றும் கணவனின் பங்காளிகளைச் சேர்கிறது. உயில் எழுதிவைப்பது ஒன்றே தற்போதுள்ள மாற்று. முப்பது வயதுப் பெண் உயில் எழுதுவதை அமங்கலமாகக் கருதும் வீடுகளில் அதுவும் எளிதாக நிகழ்வதில்லை.